கணக்குக் கொப்பியில் ஒரு கறுப்புப் பட்டியல்



கடைக்குக் கொம்பியூட்டர் வாங்குவது பற்றியும், பில் போடும் மென்பொருளைத் தெரிவு செய்வது பற்றியும் இப்பகுதியில் ஏற்கனவே பார்த்திருக்கின்றோம். விலை, உத்தரவாதம், மின்சாரம் போனால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்கும் நாம் ஒரு விடயத்தைக் கேட்பதில்லை. அந்தத் திரையில் வருகின்ற சொற்களை யார் எழுதியது? அவை யாருக்குப் புரியும்? யாரைப் புண்படுத்தும்? இவ்வாரப் பாடம் அதைப் பற்றியது. இது படித்தவர்களின் விவாதம், வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். என் கடையில் நடந்த ஒரு சம்பவம்தான் என் எண்ணத்தை மாற்றியது.

நடந்தது இதுதான்

அரியாலையில் கண்டி வீதியோரமாக எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கின்றது. சீமெந்து, கம்பி, பெயின்ற், குழாய் வகைகள்தான் வியாபாரம். இத்தொழிலில் கடன் கொடுக்காமல் இருக்க முடியாது. மேசன் சாமான் எடுப்பார், வீட்டுக்காரர் அவருக்குக் காசு கொடுப்பார், அதன் பிறகுதான் அவர் எங்களுக்குத் தருவார். முன்னர் இதற்கெல்லாம் ஒரு நீளக் கொப்பி இருந்தது. பின்னர் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் இருவர் ஒரு மென்பொருளைச் செய்து தந்தார்கள். வேலை திறமாகவே இருந்தது. வாடிக்கையாளரும் விலையைப் பார்க்கக்கூடியதாக, அவர் பக்கம் திரும்பியபடி இரண்டாவது திரை ஒன்றையும் வைத்தார்கள்.

2022 ஆம் ஆண்டு நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது சீமெந்து விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. வீடு கட்டியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மேசன்மாருக்கு வரவேண்டிய காசு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. எனவே, மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மேலும் கடன் போகாமல் தடுக்க ஒரு வழி செய்து தரும்படி அந்த இளைஞர்களிடம் கேட்டேன். அவர்களும் செய்தார்கள்.

ஒரு நாள் காலை, பல வருடங்களாக எங்களிடம் சாமான் எடுக்கும் ஒரு மேசன் வந்தார். அன்று அவர் கைக்காசுக்குத்தான் இரண்டு பை சீமெந்து கேட்டார். கடைப் பையன் அவரது பெயரைத் தட்டினான். இரண்டு திரைகளிலும் சிவப்பு எழுத்தில் "கறுப்புப் பட்டியல்" என்று வந்தது. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதலாளி, நான் கறுப்புப் பட்டியலிலையோ இருக்கிறன்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் காசை மேசையில் வைக்காமலேயே திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சொல்லை எழுதியவர் நான் அல்ல. எழுதிய இளைஞரும் கெட்ட நோக்கத்தில் எழுதவில்லை. ஆங்கிலத்தில் "பிளக் லிஸ்ட்" என்று இருந்ததை அப்படியே தமிழாக்கியிருந்தார். ஆனால் அவமானம் அந்த மனிதருக்கு, நஷ்டம் என் கடைக்கு.

உலகத்து மென்பொருளாளர்கள் என்ன செய்தார்கள்?

அன்று மாலையே அந்த இளைஞர்களைக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம். அவர்களில் மூத்தவர் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, இது எங்கட பிழைதான். உலகத்தில இதைப் பற்றிப் பெரிய கதையே நடந்து முடிஞ்சிட்டுது. நாங்கள் அதை ஆங்கிலத்தில வாசிச்சம், தமிழில யோசிக்கேல்லை." பிறகு அவர் விளக்கிய விடயங்களை நானும் தேடிப் படித்தேன். வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் சுருக்கமாகத் தருகின்றேன].

பழைய கொம்பியூட்டர்களைத் திருத்தியவர்களுக்குத் தெரியும். ஒரே வயரில் இரண்டு ஹாட் டிஸ்க் பொருத்தினால் ஒன்றை "மாஸ்டர்" என்றும் மற்றதை "ஸ்லேவ்" என்றும் அமைக்க வேண்டும். எஜமானும் அடிமையும் என்று பொருள். மோட்டார் கராஜில் கிளச்சுக்கு மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் என்று சொல்வதும் இதே வழக்கந்தான். ஒன்று கட்டளையிட மற்றது செய்யும் அமைப்புகளுக்கெல்லாம் பொறியியலாளர்கள் இப்பெயரைச் சூட்டி வைத்திருந்தார்கள்.

2003 ஆம் ஆண்டு அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம், தனக்குச் சாதனங்கள் விற்கும் கம்பனிகளிடம் இந்தச் சொற்களைத் தவிர்க்கும்படி கேட்டது. ஒரு கருவியில் ஒட்டியிருந்த இந்தப் பெயரைப் பார்த்து அங்கு பணிபுரிந்த ஒருவர் முறையிட்டதே காரணம். அப்போது பலர் சிரித்தார்கள். 2014 இல் ஜாங்கோ, துருப்பால் ஆகிய மென்பொருட்களை ஆக்குவோர் தமது தரவுத்தளப் பகுதிகளில் இச்சொற்களை நீக்கி "முதன்மை", "பிரதி" என்ற பொருள் தரும் சொற்களை வைத்தார்கள். 2018 இல் பைதன் மொழியை ஆக்குவோரும் அதைப் பின்பற்றினார்கள்.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பின மனிதர் பொலிஸாரின் பிடியில் உயிரிழந்த பின்னர் இது வேகம் பிடித்தது. அதே வருடம் ஜூலையில் லினக்ஸ் கருவை ஆக்குவோர் புதிதாக எழுதும் பகுதிகளில் "ஸ்லேவ்", "பிளக் லிஸ்ட்" போன்ற சொற்களைத் தவிர்க்க விதி செய்தார்கள். மைஸீக்குவல் தரவுத்தளம் "மூலம்", "பிரதி" என்ற சொற்களுக்கு மாறியது. மென்பொருளாளர்கள் தமது நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப், அவ்வருடம் ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து புதிய வேலைகளின் பிரதான கிளைக்கு "மாஸ்டர்" என்பதற்குப் பதிலாக "மெயின்" என்று பெயரிட்டது.

பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையமும் 2020 இல் "பிளக் லிஸ்ட்", "வைட் லிஸ்ட்" என்பவற்றைக் கைவிட்டு, "அனுமதிப் பட்டியல்", "மறுப்புப் பட்டியல்" என்ற பொருளுடைய சொற்களுக்கு மாறியது. கறுப்பு என்றால் கூடாதது, வெள்ளை என்றால் நல்லது என்ற எண்ணத்தை வளர்க்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். புதிய சொற்கள் கூடுதலாக விளங்குகின்றன என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை வியாபாரிகள் குறித்துக்கொள்ள வேண்டும். "கறுப்புப் பட்டியல்" என்று சொன்னால் அதிலிருப்பவருக்கு என்ன நடக்கும் என்று புதிய ஊழியருக்குத் தெரியாது. "கடன் நிறுத்தம்" என்று சொன்னால் உடனே தெரியும்.

எங்கள் மண்ணில் இச்சொற்கள்

"மாஸ்டர்" என்றால் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து ஆசிரியர். கொழும்பில் தேநீர்க் கடையிலும் ஒரு மாஸ்டர் இருக்கின்றார். ஆகவே அச்சொல் ஆங்கிலத்தில் இருக்கும் வரை எங்கள் காதில் உறைப்பதில்லை. அதைத் தமிழாக்கி "எஜமான்", "அடிமை" என்று திரையில் போடும்போதுதான் கனம் தெரிகின்றது.

அடிமை என்ற சொல் இந்தக் குடாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்து நடைமுறைப்படுத்திய தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. ஆங்கிலேயர் 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம்தான் இலங்கையில் அடிமை முறையை முற்றாக ஒழித்தார்கள். சட்டம் போனாலும் "அடிமை குடிமை" என்ற பேச்சு வெகுகாலம் இருந்தது. அப்படிப் பேசப்பட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்து கொம்பியூட்டர் முன்னால் இருக்கும் ஒரு பிள்ளை, தன் நிரலில் நாளாந்தம் அச்சொல்லைத் தட்டெழுதும்போது என்ன நினைக்கும்? அதைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது புதுப் பாடமாக இருக்கக் கூடாது. உங்களில் எவரும் "என் அடிமை" என்று சொல்ல வேண்டாம், "என் இளைஞன்", "என் யுவதி" என்று சொல்லுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. அடிமை முறை உலகமெங்கும் இருந்த ஒரு காலத்தில், நாவில் வரும் சொல்லையும் திருத்தியிருக்கின்றார்கள். ஒருவரை அவரது தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரழி) அவர்களிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கின்றது என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்த செய்தியும் எமக்குத் தெரியும். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11 ஆம் வசனம் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கின்றது. ஜும்ஆவில் இவற்றைக் கேட்டுவிட்டுக் கடைக்கு வந்து, ஒரு மனிதரின் பெயரோடு "கறுப்பு" என்று ஒட்டி வைத்திருந்தேன்.

விளங்காத சொல்லும் அநியாயமே

சொல் புண்படுத்துவது ஒரு பிரச்சினை. விளங்காமல் இருப்பது இன்னொரு பிரச்சினை. அந்த மாலை மென்பொருளின் எல்லாத் திரைகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தோம். இத்தனை நாளும் கண்ணில் படாத குழப்பங்கள் வரிசையாக வந்தன.

முதலாவது "மொத்த விலை". பில்லின் அடியில் இச்சொல் கூட்டுத்தொகையைக் குறித்தது. பொருள் பட்டியலில் இதே சொல் ஹோல்சேல் விலையைக் குறித்தது. தமிழில் இரண்டும் சரியே. ஆனால் ஒரே மென்பொருளில் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் பையன் குழம்புவான். ஒன்றைக் "கூட்டுத்தொகை" என்றும் மற்றதை "ஹோல்சேல் விலை" என்றும் மாற்றினோம். தூய தமிழாக இல்லையே என்று யாரும் குறைப்பட வேண்டாம். சந்தையில் வழங்கும் சொல் அதுதான்.

இரண்டாவது "கழிவு". இலங்கையில் டிஸ்கவுண்டைக் கழிவு என்போம். வெட்டி மிஞ்சிய கம்பித் துண்டுகளையும் கழிவு என்போம். ஒரு மாத அறிக்கையில் கழிவு என்ற நிரலில் இருந்த தொகையை நான் கம்பி நஷ்டம் என்று நினைத்துப் பையனை ஏசியிருந்தேன். அது வாடிக்கையாளர்களுக்கு நானே விட்டுக் கொடுத்த தொகை. ஒரு சொல்லின் பிழையால் அந்தப் பையனுக்கு நான் செய்த அநியாயம் அது. இப்போது "விலைக்கழிவு", "வெட்டுத்துண்டு" என்று இருக்கின்றது.

மூன்றாவது "கடன்காரர்". நன்றாக யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவரும் கடன்காரர், கடன் வாங்கியவரும் கடன்காரர். எனக்குச் சீமெந்து தருகின்ற கொழும்பு ஏஜென்டும், எனக்குக் காசு தரவேண்டிய மேசனும் ஒரே பெயரில் இருந்தால் கணக்கு எப்படி விளங்கும்? அத்துடன் எங்கள் பேச்சில் அது ஏசும் சொல்லும்கூட. உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், "வருமதி", "சென்மதி" என்று சொல்வார்கள். வரவேண்டியது வருமதி, செல்ல வேண்டியது சென்மதி. எவ்வளவு சுத்தமான சொற்கள்! இவை காசைப் பெயரிடுகின்றன, மனிதரைப் பெயரிடவில்லை. எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் நல்ல சொல்லை விட்டுவிட்டு வெளியே தேடிக்கொண்டிருந்தோம்.

நான்காவது "லோட்". மணல் ஓர்டர் எடுக்கும் இடத்தில் அளவு என்ற பெட்டியில் "லோட்" என்று இருந்தது. லான்ட்மாஸ்டர் பெட்டியும் லோட், டிப்பரும் லோட். எந்த லோட்? விற்பவர் சின்னதை நினைப்பார், வாங்குபவர் பெரியதை நினைப்பார். 100 கனஅடி கொண்ட "கியூப்" என்பது எல்லா மேசன்மாருக்கும் தெரிந்த அளவு. அதை மாத்திரம் வைத்துக்கொண்டோம். அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கடுமையாக எச்சரித்துத் தொடங்குவது ஸூரத்துல் முதப்பிபீன். அளவுக்குரிய சொல்லை மங்கலாக வைத்திருப்பதும் அந்தக் குற்றத்துக்கு வாசலைத் திறந்து வைப்பது போன்றதே.

பெட்டிக்குள் அடங்காத மனிதர்கள்

அடுத்து வாடிக்கையாளர் பதிவுத் திரை. "முதற்பெயர்", "குடும்பப் பெயர்" என்று இரண்டு பெட்டிகள். இரண்டையும் நிரப்பாவிட்டால் உள்ளே எடுக்காது. இது ஐரோப்பியருக்கு ஏற்ற முறை. இந்நாட்டுத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் வருவது "முஹம்மத்". முதற்பெயர் வரிசையில் தேடினால் திரை முழுவதும் முஹம்மத். ஒருவரின் பாக்கி இன்னொருவரின் பெயரில் ஏறியும் இருக்கின்றது. "முழுப்பெயர்", "அழைக்கும் பெயர்" என்று மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

அதைவிடப் பாரதூரமானது இன்னொரு பெட்டி. பெண் என்று தெரிவு செய்தால் "கணவரின் பெயர்" கட்டாயம். யுத்தத்துக்குப் பின்னர் வட மாகாணத்தில் குடும்பத்தைத் தாங்குகின்ற பெண்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். கணவர் இறந்தவர் இருக்கின்றார். கணவர் இருக்கின்றாரா இல்லையா என்றே தெரியாமல் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பவரும் இருக்கின்றார். வீட்டுக்கூரைக்குத் தகரம் வாங்க வந்த ஒரு பெண்ணிடம் என் கடைப் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டு பெயரைச் சொன்னார். அந்தப் பெட்டி எனக்கு எதற்கு? தகரம் விற்க அது தேவையேயில்லை. பொருளை வீட்டில் இறக்கும்போது பேசுவதற்கு இன்னொருவரின் தொலைபேசி இலக்கம் வேண்டும், அவ்வளவுதான். "தொடர்புக்கு வேறொருவர் (விரும்பினால்)" என்று மாற்றினோம்.

சொல்லைத் திருத்தும்போது இன்னொன்றையும் கண்டேன். சில இடங்களில் நல்ல சொல் தேவைப்படவில்லை. கேள்வியே தேவையில்லாதது.

மென்மையான சொல் எல்லாம் நல்ல சொல் அல்ல

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். புண்படுத்தாத சொல் என்ற பெயரில் உண்மையை மறைக்கும் சொல்லை வைக்கக் கூடாது. வடக்கு முஸ்லிம்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதன் பின் எத்தனையோ ஆவணங்களில் எங்களுக்கு "இடம்பெயர்ந்தோர்" என்றுதான் பெயர். இடம்பெயர்தல் என்பது நாமாகக் கிளம்பியதையும் குறிக்கும். யார் செய்தார்கள் என்பது அச்சொல்லில் இல்லை. "வெளியேற்றப்பட்டோர்" என்பதே நடந்ததைச் சொல்லும் சொல். அது கேட்பதற்கு உறைப்பாக இருந்தாலும் உண்மையானது.

பிறகு, யுத்தம் முடிந்த காலத்தில் ஆவணங்களில் இன்னொரு பிரிவு வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தவர்கள் "புதிய" இடம்பெயர்ந்தோர், அதற்கு முன்னையவர்கள் "பழைய" இடம்பெயர்ந்தோர். பட்டியலைப் பிரிக்கும் ஒருவருக்கு இது வசதியான சொல். ஆனால் உதவித் திட்டங்களில் முன்னுரிமை புதியவர்களுக்குச் சென்றது. பதினெட்டு வருடங்களுக்கு மேலாகப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தவர்கள், "பழைய" என்ற ஒரு சொல்லால் வரிசையின் பின்னால் போனார்கள். புதியவர்களின் துன்பம் பெரிது, அதில் மறுப்பில்லை. ஆனால் தரவுத்தளத்தில் ஒரு நிரலுக்கு இடும் பெயர், யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கக்கூடியது என்பதை நாங்கள் பட்டறிந்தோம். இதனால்தான் சொல்லாக்கத்தைச் சின்ன விடயம் என்று நான் இப்போது சொல்வதில்லை.

கடைக்கும் இது பொருந்தும். பாக்கி வைத்திருப்பவரை "சிறப்பு வாடிக்கையாளர்" என்று அழைத்தால் யாருக்கும் நோகாது, யாருக்கும் விளங்கவும் மாட்டாது. உண்மை இருக்க வேண்டும், இழிவு இருக்கக் கூடாது. "கடன் நிறுத்தம்: 94 நாள் நிலுவை" என்பதில் இரண்டும் சரியாக இருக்கின்றன.

"கிரிப்" என்று நாம் அழைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தையும் இங்கே கவனியுங்கள். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. "அவருடைய பெயர் கிரிப்பிலே விழுந்துவிட்டது" என்று ஊரிலே பேசுவார்கள், அதைக் கறுப்புப் பட்டியல் என்றே பலர் நம்புகின்றார்கள். உண்மையில் ஒழுங்காகக் கட்டுபவரின் விபரமும் அங்கே இருக்கின்றது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது வங்கி. பெயரைத் தவறாக விளங்கிக் கொண்டதால், தனது கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கவே அஞ்சும் வியாபாரிகளை நான் கண்டிருக்கின்றேன்.

எப்படி மாற்றுவது?

எங்கள் அனுபவத்திலிருந்து ஐந்து படிகளைத் தருகின்றேன். மென்பொருள் செய்பவர்களுக்கும் செய்விப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

1. சொற்பட்டியல் ஒன்று எழுதுங்கள். திரையிலும் பில்லிலும் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் பொருளை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுத முடியாத சொல் கூடாத சொல். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் அங்கேயே பிடிபடும்.

2. பயன்படுத்துபவரிடம் கேளுங்கள். நாங்கள் ஒரு மேசன், ஒரு லொறிச் சாரதி, கடைப் பையன், கணக்கு எழுதும் பிள்ளை ஆகிய நால்வரிடம் பட்டியலை வாசித்துக் காட்டினோம். "தீந்தை" என்று இருந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "பெயின்ற்" என்று மாற்றினோம்.

3. ஊருக்கு ஊர் வேறுபடும் சொல்லுக்குச் சண்டை பிடிக்காமல் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் பலர் கணனி என்போம், தமிழ்நாட்டில் கணினி என்பார்கள். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முன்னின்று வளர்த்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். இரு நாட்டுத் தமிழரும் சேர்ந்து எழுதும் அங்கே, ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து மற்றச் சொல்லிலிருந்து "வழிமாற்று" கொடுக்கின்றார்கள். எந்தச் சொல்லில் தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும். எங்கள் பொருள் பட்டியலிலும் அவ்வாறே செய்தோம். சீமெந்து என்றாலும் சிமெண்ட் என்றாலும் அதே பை வரும்.

4. புதியதில் தொடங்குங்கள். லினக்ஸ்காரர்களும் பழைய நிரல் எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்கவில்லை. மாற்றினால் வேறு இயந்திரங்களின் வேலை நின்றுவிடும் என்ற இடங்களுக்கு விதிவிலக்கு வைத்தார்கள். நாங்களும் பழைய பில்களைத் தொடவில்லை. மென்பொருளின் உள்ளே இருக்கும் இலக்கங்களையும் மாற்றவில்லை. கண்ணில் படும் சொற்களை முதலில் மாற்றினோம்.

5. எதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானியுங்கள். நிலுவை விபரம் இப்போது கடைக்காரரின் திரையில் மாத்திரம் வரும். வாடிக்கையாளர் பக்கத்துத் திரையில் விலை மாத்திரமே. எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தாலும் ஒருவரின் கடனை நாலு பேர் முன்னால் காட்டுவது சரியல்ல.

சிலர் கேட்கும் கேள்வி

"சொல்லை மாற்றினால் உலகம் மாறுமா? அமெரிக்காவில் மாஸ்டரை மெயின் ஆக்கியதால் நிறவெறி போய்விட்டதா?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். போகவில்லை. சொல்லை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கை கழுவுகின்ற கம்பனிகளும் உண்டு. கிட்ஹப் மாற்றத்தை மென்பொருளாளர்களிலேயே பலர் வீண் வேலை என்றார்கள். ஆனால் என் கேள்வி வேறு. நான் மாற்ற முடியாதவை உலகத்தில் ஆயிரம் இருக்க, என் கடைத் திரையில் உள்ள ஐந்தாறு சொற்களை மாற்ற எனக்கு ஒரு மாலை நேரந்தான் தேவைப்பட்டது. அதைக்கூடச் செய்யாதவன் பெரியதைப் பற்றிப் பேசுவது எப்படி?

கடனை எழுதிவைக்கும்படி கட்டளையிடுவது ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் அதுவே. நீதியாக எழுதும்படி எழுதுபவருக்கு அதில் பொறுப்புச் சாட்டப்பட்டிருக்கின்றது. இன்று எங்கள் கணக்கை எழுதுபவர் மென்பொருள் செய்யும் பிள்ளை. அந்தப் பொறுப்பு அவரிடமும் இருக்கின்றது, அவருக்குச் சம்பளம் கொடுத்து எழுதுவிக்கும் எங்களிடமும் இருக்கின்றது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், 280 ஆம் வசனத்தில், கஷ்டத்தில் உள்ளவருக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படி சொல்லப்பட்டுள்ளது. எங்கள் மென்பொருளில் அதற்கு ஒரு சொல்லே இருக்கவில்லை. கட்டியவர், கட்டாதவர் என்று இரண்டே நிலைதான். இப்போது "தவணை கொடுக்கப்பட்டது" என்ற மூன்றாவது நிலை இருக்கின்றது. சொல் வந்த பிறகுதான், யாருக்குத் தவணை கொடுக்கலாம் என்று மாத முடிவில் உட்கார்ந்து யோசிக்கும் வழக்கமும் வந்தது.

அந்த மேசனின் கதையை முடிக்க வேண்டும். அடுத்த வாரம் அவரது மகன் வந்து பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்கு அரியாலையில் அவரது வீட்டுக்குப் போனேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை முதலாளி, மிசின்தானே" என்று சொல்லிப் பிளேன்ரீ தந்தார். மிகுதியையும் மூன்று மாதத்தில் மகனிடம் கொடுத்தனுப்பி முடித்துவிட்டார். ஆனால் அவர் என் கடைக்கு இன்னும் வரவில்லை. சாமான் வேறு இடத்தில் எடுக்கின்றார் என்று அறிகின்றேன். மிசின் எழுதியதல்ல, எழுதச் சொன்னவன் நான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவ்வாரப் பயிற்சி: உங்கள் கடையின் பில் ஒன்றையும், கடன் கொப்பியின் ஒரு பக்கத்தையும் எடுத்து வையுங்கள். அதில் மனிதருக்கு இட்ட பெயர்களை மாத்திரம் கோடிடுங்கள். அதே பெயரை உங்கள் வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கை தயங்கினால் அச்சொல்லை மாற்றுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் ஸ்டொக் எடுப்பது பற்றிப் பார்ப்போம். வஸ்ஸலாம்.